பந்து வழிப் பண்பு

பிளம்பர் சிறைக்குப் போனதற்குக் காரணம் ஒரு வால்வு. நகராட்சி அலுவலகத்தின் பின்புறம், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருந்த வால்வு. அவருடைய தெருவுக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் தண்ணீர் வரவில்லை. போய்ச் சொன்னார். ‘பார்க்கிறோம்’ என்றார்கள். மறுபடி போய்ச் சொன்னார். ‘பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்றார்கள். ஒரு நாள் காலையில் அவர் அந்த வால்வை இறுக மூடி, கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மதியத்துக்குள் அலுவலகக் கழிப்பறைகள் எல்லாம் வறண்டுபோயின. எதிரே இருந்த ஓட்டலின் கழிப்பறை வாசலில் தலைமை எழுத்தர் முதல் கடைநிலை ஊழியர் வரை ஒரே வரிசையில் நின்றார்கள். அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு சமத்துவம் அதற்கு முன் இருந்ததில்லை.

அரசு ஊழியர்களைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போட்டார்கள். ‘நடக்காத வேலையை ஒருவர் எப்படித் தடுக்க முடியும்?’ என்று பிளம்பரின் வக்கீல் கேட்டார். நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஒரு வருஷம் கொடுத்தார். வக்கீல் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் ஆறு மாதத்தோடு போயிருக்கும் என்று நீதிமன்றக் குமாஸ்தா பிறகு வருத்தப்பட்டார்.

சிறையில் பிளம்பருக்குச் சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கும் வேலை. நல்லபடியாக அழுதுகொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ‘பந்து வழிப் பண்பு’ திட்டம் வந்தது.

கண்காணிப்பாளர் எல்லாரையும் முற்றத்தில் உட்காரவைத்துப் பேசினார். அவருடைய மீசை பேச்சுக்குக் கொஞ்சம் முன்னால் நகரும்.

“உலகம் பூரா கைதிங்க விளையாடித் திருந்திக்கிட்டிருக்காங்க. இங்க மட்டும் சும்மா உட்கார்ந்த இடத்துலயே திருந்துறாங்க. இது வெக்கக்கேடு. இனிமே அனுமதி இல்லாம, தன்னிச்சையா யாரும் திருந்தக் கூடாது. திட்டப்படிதான் திருந்தணும்.”

திட்டத்துக்கு ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் பல நாடுகளுக்குப் போய் அங்குள்ள சிறைகளை வெளியிலிருந்து பார்த்தவர். கூடவே ஒரு கால்பந்துப் பயிற்சியாளரும் வந்தார். அவர் ஒரு காலத்தில் பெரிய அணிகளில் ஆடியவர். முழங்கால் போனபிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். பள்ளிக்கூடம் மைதானத்தில் கட்டடம் எழுப்பியது. மைதானம் போய் ஆசிரியர் மட்டும் மிஞ்சினார். கழுத்தில் விசிலும் கையில் பந்துமாகச் சிறை வாசலில் வந்து நின்றபோது, பார்க்க வந்த சொந்தக்காரர் என்று நினைத்து வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

முதல் நாள் பயிற்சியாளர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு பிளம்பரிடம் வந்தார்.

“நீங்க நல்லா அகலமா இருக்கீங்க. பின்னால நின்னு, வர்றவன எல்லாம் தடுங்க. அது போதும்.”

“நில்லுங்க, நில்லுங்க” என்று ஆலோசகர் ஓடி வந்தார். “இவர் எதுக்காக உள்ள வந்தார்?”

“தடுத்ததுக்குங்க” என்றார் பிளம்பர்.

“பாத்தீங்களா? தடுத்து உள்ள வந்தவரத் திரும்பவும் தடுக்கச் சொல்றீங்களே. இதுக்குப் பேர் திருத்தமா, தூண்டுதலா? இவர் முன்னால நிக்கட்டும். யார் வந்தாலும் ஒதுங்கி வழி விடட்டும். அதுதான் இவருக்கு மருந்து.”

இப்படி ஒவ்வொருவருக்கும் அவரவர் குற்றத்துக்கு ஏற்ற மருந்து எழுதப்பட்டது. ‘ரெண்டு விரல்’ என்று எல்லாரும் அழைக்கும் பிக்பாக்கெட்காரர், எதிராளி காலிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். போலிப் பத்திரம் எழுதியதால் ‘பத்திரம்’ என்று பெயர் பெற்றவர், இந்தப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி அந்தப் பக்கம் போகக் கூடாது; போகும் திசையை முன்கூட்டியே உரக்க அறிவிக்க வேண்டும். ராத்திரியில் வீடு புகுந்து பழகிய ‘ஜன்னல்’, எதிரணியின் கோல் பக்கத்துக் கட்டத்துக்குள் அழைப்பில்லாமல் நுழையக் கூடாது. ‘உதைப்பது’ என்ற சொல்லே நீக்கப்பட்டது. இனி பந்தை ‘வழியனுப்ப’ வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது.

“அண்ணே, அந்தப் பந்தக் கொஞ்சம் தர்றீங்களா?” என்றார் ரெண்டு விரல்.

“இருப்பா, நானே இப்பதான் கெஞ்சி வாங்கினேன்” என்றார் பந்து வைத்திருந்தவர்.

“இடது பக்கம் போறேன்!” என்று கத்திவிட்டு பத்திரம் இடது பக்கம் போனார். அங்கே முன்கூட்டியே நாலு பேர் காத்திருந்தார்கள். ஜன்னல் கட்டத்தின் கோட்டில் நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பழக்கமில்லாத கேள்வி என்பதால் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பிளம்பர் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டு விட்டு, கடைசியில் மைதானத்துக்கு வெளியே சுவரோரம் போய் நின்றுகொண்டிருந்தார்.

கோல் காப்பதிலும் சிக்கல் வந்தது. கைதியைக் ‘காவலர்’ ஆக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே இரண்டு பக்கமும் நிஜ வார்டர்களே கோல்காப்பாளர்களாக நின்றார்கள். அதில் மூத்த வார்டருக்கு, தன்னைத் தாண்டி எதுவும் போகக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரத்தத்தில் ஊறியது.

“பாஸ் குடு! பாஸ் குடு!” என்று பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கத்தினார்.

“அதான நானும் கேக்குறேன்?” என்றார் வார்டர், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. “பாஸ் எங்க? கண்காணிப்பாளர் ஐயா கையெழுத்து இல்லாம இத நான் எப்படி உள்ள விடுறது?”

அப்போதுதான் பயிற்சியாளருக்கு என்னவோ ஆகிவிட்டது. வார்டர் கையிலிருந்து பந்தை வாங்கி, தரையில் வைத்து, நாலடி பின்னால் போய், ஓடி வந்து ஓர் உதை உதைத்தார். வழியனுப்பவில்லை, உதைத்தார். பந்து எல்லார் தலைக்கும் மேலே எழுந்து, கண்காணிப்புக் கோபுரத்தைத் தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்தது. கைதிகள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரை யாரும் அவ்வளவு சுலபமாகத் தாண்டி அவர்கள் கண்டதில்லை.

சங்கு ஊதியது. கதவுகள் எல்லாம் அடைக்கப்பட்டன. கைதிகளை எண்ணினார்கள், சரியாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் தீராமல் மறுபடி எண்ணினார்கள். மோப்ப நாய்க்குப் பயிற்சியாளரின் காலணி முகரக் கொடுக்கப்பட்டது. நாய் நேராகப் பயிற்சியாளரிடமே வந்து உட்கார்ந்தது. கடைசியில் பந்து வெளியே ஒரு பஞ்சர் கடை வாசலில் பிடிபட்டது. ஜீப்பின் பின் இருக்கையில், இரண்டு வார்டர்களுக்கு நடுவே அதை உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் விசாரணை. “தப்பியோடினா தனி அறை. விதி அப்படித்தான் சொல்லுது” என்றார் கண்காணிப்பாளர்.

“சார், அது பந்து. நான்தான் உதைச்சேன்.”

“நீங்க தூண்டியிருக்கலாம். ஆனா போனது யாரு? பந்துக்கு ஒரு நியாயம், கைதிக்கு ஒரு நியாயம்னு வெச்சா இங்க ஒழுங்கு எப்படிங்க நிக்கும்?”

“அதுக்கு உயிரே இல்லையே சார்!”

“அதனாலதான் ஒரு மாசத்தோட விட்டேன்.”

பந்து தனி அறையில் அடைக்கப்பட்டது. தினமும் காலையில் மூத்த வார்டர் கதவைத் திறந்து, ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டுப் பூட்டினார். திட்டத்தை நிறுத்த அனுமதி இல்லாததால் ஆட்டம் பந்து இல்லாமலே தொடர்ந்தது. இருபத்திரண்டு பேரும் இல்லாத பந்தைத் துரத்தினார்கள். கேட்டார்கள், கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள். ஒரு தடவை இல்லாத பந்து கோலுக்குள் போனதா இல்லையா என்று சண்டை வந்து, சட்டைகள் கிழிந்தன. அது தவிர எல்லாம் அமைதியாக நடந்தது. ஆலோசகருக்கு ஒரே பூரிப்பு. ‘பந்துதான் இத்தனை நாளும் திட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது’ என்று அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

இந்தச் சமயத்தில்தான் பிளம்பரின் மனைவி அவரைப் பார்க்க வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் கணவரின் சட்டைக் காலரைப் பார்த்து, “யாரு இத இப்படித் தெச்சது, கைய உடைக்கணும்” என்றுதான் ஆரம்பித்தார்.

“வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?”

“உங்க பொண்ணுதான் உயிர எடுக்குறா. மாப்பிள்ளைக்கு வெளியூருக்கு மாத்தல் வந்திருச்சு. அவர் கிளம்புறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிரலாம்னு அவங்க வீட்ல சொல்றாங்க. இவ, ‘அப்பா பக்கத்துல இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்’னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அப்படியே உங்க பிடிவாதம். இவளும் எங்கயாவது போய் எதையாவது மூடிட்டு வந்திருவாளோன்னு பயமா இருக்கு.”

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இது வெங்காயம் இல்லாமலே வந்த அழுகை.

“அழுவாதீங்க. இங்க என்னதான் பண்றீங்க நாள் பூரா?”

“பந்து விளையாடுறேன்.”

“இந்த வயசுலயா? எங்க பந்து?”

“பந்து இல்ல. அது உள்ள இருக்கு.”

“நீங்களும்தான உள்ள இருக்கீங்க?”

“அது இன்னும் உள்ள.”

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த வார்டரிடம், “இவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுறீங்கள்ல?” என்று கேட்டார்.

பிளம்பர் விஷயத்தைச் சொன்னார். துறைச் செயலாளர் ஆட்டம் பார்க்க வருகிறார். போட்டோ எடுப்பார்கள் என்பதால் பந்துக்கு முன்கூட்டியே விடுதலை கிடைக்கப்போகிறது. தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்பவன்தான் திருந்தியவன் என்று ஆலோசகர் தீர்மானித்துவிட்டார். ஆகவே தோற்கிற அணிக்குத் தண்டனை குறைப்பு. உடனே வீட்டுக்குப் போகலாம்.

“தோத்தா விட்ருவாங்களா?” மனைவியின் முகம் மலர்ந்தது. “அப்பறம் என்ன? தாலி கட்டின நாள்லேர்ந்து எங்கிட்டத் தோத்துக்கிட்டுத்தான இருக்கீங்க? ஒரு நாள் வெளியாள்கிட்டத் தோக்கக் கூடாதா? தோத்துட்டு வந்து சேருங்க.”

ஆட்டத்தன்று அணிகளுக்குப் ‘பொறுமை’ என்றும் ‘பணிவு’ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். பிளம்பர் பணிவு. பொறுமைக்குப் பச்சைச் சட்டை, பணிவுக்கு மஞ்சள் சட்டை. பிளம்பரின் மஞ்சள் சட்டை தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. பயிற்சியாளர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் ஆடின காலத்துல ஒரு கோல் போட்டா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வராதுய்யா. திரும்பத் திரும்ப அதுவே கண்ணுக்குள்ள ஓடும். இங்க வந்ததுலேர்ந்து நல்லாத் தூங்குறேன். படுத்தா அடிச்சுப் போட்டாப்ல தூக்கம்.” கொஞ்ச நேரம் விசிலைத் துடைத்தார். “அதான் கஷ்டமா இருக்கு.”

பிளம்பர், “சாப்டீங்களா சார்?” என்று கேட்டார்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செயலாளருக்குக் குழப்பமாகிவிட்டது. பொறுமை அணி பந்தைத் தன் கோலை நோக்கியே விரட்டியது. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க முடியாத பணிவு அணி, ‘தயவுசெய்து எங்க கோல்லயும் போடுங்க’ என்று மன்றாடியது. ரெண்டு விரல் தன் பக்கத்துக் கோலுக்கு எதிரே முழங்காலிட்டு, “சார், ஒரு தடவ உள்ள விடுங்க சார், வீட்ல கொழந்த இருக்கு” என்று வார்டரிடம் கெஞ்சினார். ஆனால் இரண்டு வார்டர்களும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பந்தை விடவில்லை. எதையும் வெளியே விடாமலிருக்கச் சம்பளம் வாங்குபவர்கள், உள்ளேயும் விடாமலிருந்தார்கள். செயலாளர், “இவங்க எல்லாம் எந்தப் பக்கம் ஆடுறாங்க?” என்று கேட்டார். “மனசாட்சிப் பக்கம் சார்” என்றார் ஆலோசகர்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கேயோ பட்டுத் தெறித்த பந்து உருண்டு வந்து, பொறுமை அணியின் கோலுக்கு எதிரே, தனியாக நின்றிருந்த பிளம்பரின் காலடியில் நின்றது. அதே நொடியில் செயலாளர் சோம்பல் முறிக்க நாற்காலியிலிருந்து எழுந்தார். மேலதிகாரி எழுந்ததும் கோலில் இருந்த மூத்த வார்டர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

கோல் திறந்து கிடந்தது.

பிளம்பர் பந்தைப் பார்த்தார். தள்ளி நின்ற பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் விசிலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் பிளம்பருக்குக் கல்யாணம் மறந்துபோனது. மகள் மறந்துபோனாள். கால் தானாகப் பின்னால் போய், தானாக முன்னால் வந்தது. பந்து வார்டரின் காலோரமாகப் புகுந்து வலையில் போய் விழுந்தது.

“கோல்!” என்று பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் கோபுரத்துக் காவலர் துப்பாக்கியை எடுத்துவிட்டார்.

பிளம்பருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த மூச்சில், தான் ஜெயித்துவிட்டது புரிந்து, ‘ஐயையோ’ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அணிக்காரர்கள் அவரைக் கடித்துக் குதறுவதுபோல் பார்த்தார்கள். தோற்றுப்போன பொறுமை அணியோ ஆனந்தக் கண்ணீரோடு ஓடி வந்து, “அண்ணே, நீங்க மகராசன்ணே! நல்லா இருப்பீங்க!” என்று அவரைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“என் பணிக்காலத்தில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. தோற்றவர்கள் ஜெயித்தவரைத் தோளில் சுமக்கிறார்கள்! எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்தால் மற்றவர்கள் மருத்துவ விடுப்பில் போய்விடுவார்கள். நாங்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். இவர்கள் அனைவரும் முழுமையாகத் திருந்திவிட்டார்கள். இரண்டு அணிகளுக்கும் விடுதலை உத்தரவில் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.”

பிளம்பர் தோளிலிருந்து இறங்காமலே கும்பிட்டார். செயலாளர் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆலோசகர் அவர் காதில் என்னவோ சொன்னார். செயலாளர் தலையாட்டினார்.

என்ன சொன்னார் என்பது, தகவல் கேட்டு ஓடி வந்த பிளம்பரின் மனைவிக்குக் கண்காணிப்பாளர் அறையில்தான் தெரிந்தது.

“ஐயா, கையெழுத்து ஆயிருச்சாமே. அவர எப்ப விடுறீங்க?”

“உட்காருங்கம்மா. கையெழுத்து ஆயிருச்சு. ஆனா, சிறைகளுக்கு இடையிலான போட்டி வருது. அது முடியிற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கோம்.”

“இவரு திருந்திட்டாரா, இல்லையா?”

“நல்லாத் திருந்திட்டாரும்மா. அதனாலதான் விட முடியல.”

“எனக்குப் புரியலீங்க.”

“திருந்தினவங்கள எல்லாம் வெளிய விட்டுட்டா, இங்க யாராவது திருந்தினாங்கங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்? வர்றவங்ககிட்ட நாங்க யாரக் காட்டுறது? திருந்தாதவனக் காட்ட முடியுமா?”

“அப்போ திருந்தாதவங்கள என்ன பண்றீங்க?”

“அவங்கள உள்ள வெச்சு என்ன பிரயோஜனம்? தண்டனை முடிஞ்ச அன்னிக்கே அனுப்பிடுறோம். இதோ, சமையற்கட்டுல ஒருத்தன் தினம் ஒருத்தன அடிச்சான். விளையாட வரவே மாட்டேன்னுட்டான். நேத்து போயிட்டான்.”

மனைவி எழுந்து நின்றார். “ஐயா, எம் புருஷன் பல வருஷமாக் கொழாய் வேல பாக்குறாரு. எந்த வீட்லயும் அடைப்ப எடுத்துட்டு, எடுத்ததக் காட்டணும்னு அத அங்கயே வெச்சுட்டு வந்ததில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். கண்காணிப்பாளர் அது பாராட்டா இல்லையா என்று ஆலோசகரிடம் கேட்டார். ஆலோசகர், பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வாசலில் பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“கல்யாணம் என்னிக்கும்மா?” என்று மட்டும் கேட்டார்.

“போட்டி அன்னிக்கு மறுநாள் தேதி குறிச்சிருக்காங்க சார். ஆனா இவங்க ஜெயிச்சா அடுத்த போட்டி, தோத்தா அதுக்கு மறு போட்டின்னு வெச்சுக்கிட்டேதான் இருப்பாங்க.”

பயிற்சியாளர் தரையைப் பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து போனார்.

போட்டி நாளும் வந்தது. வேறொரு சிறையின் அணி வேனில் வந்து இறங்கியது. துறை அமைச்சரே தலைமை. வருவதாகச் சொன்ன நடுவர், ஆட்டம் சிறைக்குள் என்று தெரிந்ததும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். ஆகவே பயிற்சியாளரையே நடுவராக்கி, ஒரு கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அமைச்சர் பேசினார்.

“நான் சின்ன வயசுல பந்து ஆடினவன் இல்ல. ஆனா ஆடினவங்களுக்குப் பரிசு குடுத்திருக்கேன். ஆடுறத விட அது கஷ்டம். இன்னிக்கு நாட்டுல யாரும் நடுவர மதிக்கிறதில்ல. என் மேல ஒரு விசாரணை நடந்துச்சு. அந்த நடுவர நானே மதிக்கல. அதெல்லாம் பழைய கதை. இனிமே அப்படி இருக்கக் கூடாது. இந்த மைதானத்துல நடுவர் சொல்றதுதான் சட்டம். நானே குறுக்க பேசினாலும் கேக்கக் கூடாது. மீறுற அதிகாரி யாரா இருந்தாலும், நாளைக்கு அவர் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருப்பார்.”

எல்லாரையும் விடக் கண்காணிப்பாளர் பலமாகக் கை தட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. பிளம்பர் இந்தக் கோடியில் குனிந்து, அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். பயிற்சியாளர் மைதானம் முழுவதையும் நொண்டிக் கடந்து வந்து, பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நான் என்ன சார் பண்ணேன்?”

“வெளிய போ.”

“நாடா கட்டினேன் சார். அவ்வளவுதான்.”

“நடுவர எதிர்த்துப் பேசுற. வெளிய போய்யா!”

பிளம்பருக்கு அழுகை வந்துவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் விசில் ஊதிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“அது வெளிய இல்ல.”

பிளம்பர் எழுந்து சமையற்கட்டு வாசல் வரை போனார்.

“அதுவும் வெளிய இல்ல. சிவப்பு அட்டைன்னா முழுக்க வெளிய. இன்னும் போ. போய்க்கிட்டே இரு.”

பிளம்பர் அலுவலக நடையைத் தாண்டினார். கைதிகள், வார்டர்கள், எதிரணி எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டே கூட நகர்ந்தார்கள். இப்போதுதான் கண்காணிப்பாளருக்கு உறைத்தது. பதறி எழுந்தார். “ஐயா, இவர் அவர எங்க அனுப்புறார்னா...”

“உட்காருங்க” என்றார் அமைச்சர். “இப்பதான பேசினேன்? காதுல விழலையா? நாற்காலி வேணுமா, வேணாமா?”

கண்காணிப்பாளர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய கதவில் இருந்த வார்டர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் கை தட்டினார். எப்படியும் உத்தரவு கையெழுத்தாகித்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே முனகிக்கொண்டு கண்காணிப்பாளர் தலையசைத்தார். பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு திறந்தது.

பிளம்பர் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது.

“சார்...”

“போய்யா” என்றார் பயிற்சியாளர் மெதுவாக. “அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல எனக்கு. நீ போட்ட அந்தக் கோலு கண்ணுக்குள்ளயே நிக்குது.”

வெளியே வெயிலில் கண் கூசியது. சாலையின் எதிர்ப்பக்கம், மரத்தடியில் மனைவி உட்கார்ந்திருந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும், சத்தமாவது கேட்கலாமென்று வந்திருந்தார். தொப்புள் தெரியும் மஞ்சள் சட்டையும் அரைக்கால் சட்டையுமாகத் தன்னை நோக்கி ஓடி வரும் ஆளைப் பார்த்து முதலில் பயந்துபோனார். பிறகு எழுந்து நின்றார்.

“என்னங்க இது கோலம்? தப்பிச்சு வந்துட்டீங்களா?”

“இல்லம்மா. தொரத்திட்டாங்க.”

மனைவி அவர் தோளை, கன்னத்தை, காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையோடு சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். அது மறுபடி மேலேறியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்காமல் அழுகையில் போய் முடிந்தது. மனைவி முந்தானையால் முதலில் அவர் முகத்தையும் பிறகு தன் முகத்தையும் துடைத்தார்.

சுவருக்கு உள்ளே மறுபடி விசில் சத்தம் கேட்டது. கூடவே பலத்த கைதட்டல்.

“உள்ள என்னங்க சத்தம்?”

“யாரோ தப்பு பண்ணியிருப்பாங்க.”

“தப்பு பண்ணாக் கை தட்டுவாங்களா?”

பிளம்பர் கொஞ்சம் யோசித்தார். “நல்லாப் பண்ணியிருப்பாங்க” என்றார்.

சின்னக் கதவு மறுபடி திறந்தது. மஞ்சள் சட்டையோடு ரெண்டு விரல் வெளியே வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். “அக்கா, வணக்கம்” என்றார். “பஸ் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” அவர் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே அடுத்த விசில் ஊதியது.